அத்தியாயம் 6: அணைகிறதா என்று பாருங்கள்

முந்தைய அத்தியாயத்தில் எட்டுச் சேனல் எஸ்எஸ்ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே) போர்டைக் கட்டி முடித்தோம். ஒவ்வொரு சேனலிலும் எம்ஓசி3063 ஆப்டோ ஒன்று, பிடிஏ16-600பி ட்ரையாக் ஒன்று. ஆப்டோவின் 6ஆம் காலுக்கும் ட்ரையாக்கின் எம்டி2வுக்கும் நடுவே 360 ஓம். கேட்டுக்கும் எம்டி1க்கும் நடுவே 330 ஓம். ட்ரையாக்கின் குறுக்கே ஸ்னப்பர், அதாவது 39 ஓம் ரெசிஸ்டரும் 0.01 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெபாசிட்டரும் தொடராக. கன்ட்ரோலர் பக்கம் யுஎல்என்2803 ஐசி, ஆப்டோவின் எல்இடிக்கு 5 வோல்ட்டிலிருந்து 270 ஓம். சேனலுக்கு ஒரு 2 ஆம்பியர் கண்ணாடி ஃப்யூஸ்.

கட்டி முடித்ததும் ஒரு பல்பை மாட்டி, பிளக்கைச் செருகி, எரிகிறதா என்று பார்க்கக் கை துறுதுறுக்கும். எரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அந்த நினைப்பை மாற்றுவதற்காகத்தான் ஒரு முழு அத்தியாயத்தைச் சோதனைக்கு ஒதுக்கியிருக்கிறேன். எஸ்எஸ்ஆரை நம்பிக் கெட்டவர்கள் பெரும்பாலும் அது எரியவில்லை என்று கெடவில்லை, அது அணையவில்லை என்றுதான் கெட்டார்கள். ட்ரையாக் பழுதானால் அநேகமாக ஷார்ட் ஆகித்தான் பழுதாகும். அப்போது கன்ட்ரோலர் என்ன சொன்னாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பழுதே ஆகாத நல்ல எஸ்எஸ்ஆர்கூட அணைந்த நிலையில் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிட்டபடிதான் இருக்கும்.

பழைய அலங்காரங்களில் மோட்டாரால் சுழலும் மர உருளையில் செப்புத் தகடுகளைப் பதித்து, அவற்றின் மேல் பிரஷ்களை உரசவிட்டு விளக்குகளை ஓடவிட்டார்கள். வங்கத்தின் சந்தன்நகர் விளக்குக் கலைஞர்களும் இலங்கையின் வெசாக் பந்தல்காரர்களும் இதில் பெயர் பெற்றவர்கள். அந்த உருளையில் தகடு விலகியிருந்தால் கண்ணுக்கே தெரியும். நடுவில் காற்று இருக்கும். எஸ்எஸ்ஆரில் அந்த இடைவெளி கிடையாது. ஆடி மாதத்தில் அம்மன் கோவில் வாசலில் மூங்கில் சாரத்தின் மேல் நின்று சீரியல் செட்டைக் கட்டுகிறவர், "ஆஃப் பண்ணியாச்சா தம்பி?" என்று கேட்பார். கன்ட்ரோலரைப் பார்த்துவிட்டு, "ஆச்சுண்ணே" என்று கீழிருந்து பதில் போகும். அந்த "ஆச்சு" எவ்வளவு உண்மை என்பதற்கு விடை சொல்லக்கூடிய சோதனைகளே இனி வருபவை.

மின்சாரம் இல்லாமல்

முதல் கருவி கண். போர்டைக் கவிழ்த்து நல்ல வெளிச்சத்தில் பிடியுங்கள். டாட் போர்டில் கட்டியிருந்தால் ஆப்டோவின் அடியில் முதலில் பாருங்கள். ஆறு கால் ஐசியின் இரு வரிசைகளுக்கும் இடையே 7.62 மில்லிமீட்டர் உண்டு. ஆனால் டாட் போர்டில் அந்த இடைவெளிக்குள் இரண்டு வரிசைச் செப்புப் புள்ளிகள் அமர்ந்திருக்கும். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு உண்மையில் எஞ்சுவது ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவு. பல ஆயிரம் வோல்ட்டைத் தாங்கும் ஆப்டோவை வாங்கிவிட்டு, அதன் காலடியிலேயே மின்சாரத்துக்குப் படிக்கட்டு கட்டிக் கொடுத்ததாக ஆகிவிடும். அந்த இரண்டு வரிசைப் புள்ளிகளையும் சூடான சால்டரிங் அயர்னால் உருவி எடுத்துவிடுங்கள். முடிந்தால் நடுவே ரம்பத்தால் ஒரு கீறல் வெட்டிவிடுங்கள். ஆப்டோவுக்கு அடியில் மட்டும் இப்படிச் செய்தால் போதாது. 230 வோல்ட் ஓடும் பகுதி முழுவதற்கும் 5 வோல்ட் பகுதிக்கும் நடுவே 6 முதல் 8 மில்லிமீட்டர் வெற்றிடம் ஒரு ஆறுபோல் போர்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட வேண்டும். ஒரு கம்பிகூட அதைத் தாண்டக்கூடாது.

ஃப்ளக்ஸை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு கழுவிவிடுங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை. ஈரக் காற்றில் ஃப்ளக்ஸ் மின்சாரத்தைக் கசியவிடும். மார்கழிப் பனியில் விடிய விடிய வெளியில் இருக்கப்போகிற போர்டு இது.

அடுத்து மல்டிமீட்டர். டையோடு நிலையில் வைத்து ஆப்டோவின் 1, 2 கால்களைத் தொட்டால் ஒரு திசையில் 1.1 வோல்ட் அளவு காட்ட வேண்டும். முனைகளை மாற்றினால் ஒன்றும் காட்டக்கூடாது. ட்ரையாக்கின் எம்டி1, எம்டி2 முனைகளை உயர்ந்த ஓம் நிலையில் அளந்தால் ஸ்னப்பர் கெபாசிட்டர் சார்ஜ் ஆகும்வரை எண் சற்று ஓடும், பிறகு திறந்த நிலையைக் காட்டும். இரு திசையிலும் அப்படியே இருக்க வேண்டும். சில ஓம் காட்டினால் ட்ரையாக் ஷார்ட், கழற்றிப் போடுங்கள்.

பலரும் தவறவிடுவது கேட்டுக்கும் எம்டி1க்கும் இடையிலான அளவு. அங்கே நாமே ஒரு 330 ஓம் போட்டிருக்கிறோம். ட்ரையாக்கின் உள்ளேயும் கேட்டுக்கும் எம்டி1க்கும் நடுவே சில பத்து ஓம் அளவில் ஒரு வழி உண்டு. எனவே மீட்டர் 330ஐவிடக் கணிசமாகக் குறைத்துக் காட்ட வேண்டும். சரியாக 330 காட்டினால் மகிழ்ச்சியடையாதீர்கள். கேட் உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது அந்தக் கால் ஒட்டவே இல்லை.

கடைசியாக மெக்கர், அதாவது இன்சுலேஷனை அளக்கும் கருவி. சொந்தமாக இல்லாவிட்டால் ஊரிலுள்ள வயரிங்காரர் ஒருவரிடம் நிச்சயம் இருக்கும். அரை நாள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரைக் கழற்றிவிடுங்கள். 5 வோல்ட் பக்கத்து முனைகள் எல்லாவற்றையும் ஒரு கம்பியால் ஒன்றாகக் கட்டுங்கள். 230 வோல்ட் பக்கத்து முனைகள் எல்லாவற்றையும் இன்னொரு கம்பியால் ஒன்றாகக் கட்டுங்கள். இந்த இரண்டு கட்டுக்கும் நடுவே 500 வோல்ட் கொடுங்கள். இப்படிக் கட்டிவிட்டால் ஆப்டோவின் எல்இடி மீதோ ட்ரையாக் மீதோ அந்த 500 வோல்ட் விழாது. இடையிலுள்ள தடுப்பு மட்டுமே சோதிக்கப்படும். 100 மெகாஓமுக்குக் கீழே காட்டும் போர்டை நான் பெட்டிக்குள் விடுவதில்லை. மறுபடி கழுவி, வெயிலில் காயவைத்து, மீண்டும் அளக்க வேண்டும்.

24 வோல்ட்டில்

நேராக 230க்குப் போக வேண்டாம். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எடுத்து நடு முனையை விட்டுவிட்டு வெளி முனைகள் இரண்டையும் பயன்படுத்தினால் 24 வோல்ட் ஏசி கிடைக்கும். 24 வோல்ட், 21 வாட் லாரி பல்பு அதற்குத் தோதான லோடு. முக்கால் ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் போதும். கை பட்டாலும் உயிருக்கு ஆபத்தில்லாத இந்த நிலையில்தான் நம் தவறுகள் எல்லாம் வெளிவர வேண்டும்.

ஏன் 12 வோல்ட் போதாது? 12 வோல்ட் ஏசியின் உச்சம் 17 வோல்ட். ஆப்டோவிலும் கேட்டிலும் விழுவதைக் கழித்துவிட்டு 360 ஓமால் வகுத்தால் 40 மில்லிஆம்பியரைக்கூட எட்டாது. பிடிஏ16-600பி ட்ரையாக்கின் கேட் 50 மில்லிஆம்பியர்வரை கேட்கலாம். நல்ல போர்டே எரியாமல் கிடக்கும்; நீங்கள் இல்லாத கோளாறைத் தேடி ஒரு மாலைப்பொழுதை இழப்பீர்கள். 24 வோல்ட்டில் உச்சம் 34 வோல்ட், கேட்டுக்கு 80 மில்லிஆம்பியர் அளவில் போகும். பல்பு ஒவ்வொரு அரைச் சுற்றின் தொடக்கத்தில் கொஞ்சம் தாமதித்துப் பற்றும் என்பதால் நேரடியாகக் கொடுத்ததைவிட ஒரு துளி மங்கலாக எரியும். அது இயல்பு.

இங்கே பார்க்க வேண்டியவை மூன்று. சிக்னல் கொடுத்தால் எரிய வேண்டும். சிக்னலை எடுத்தால் உடனே முழுதாக அணைய வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: எரியும்போது பல்பின் குறுக்கே மல்டிமீட்டரை டிசி நிலையில் வைத்து அளந்து பாருங்கள். ஏசி முழு அலையாகப் போனால் டிசி அளவு சுழியருகே நிற்கும். ட்ரையாக் ஒரு திசையில் மட்டும் வேலை செய்தால் மீட்டர் 10 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். கண்ணுக்கு அது "கொஞ்சம் டல்லாக எரிகிறது" என்பதாகவே தெரியும். பல பேர் விட்டுவிடுவார்கள். விட்டுவிட்டால், பின்னால் அந்தச் சேனலில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த விளக்கையோ சிறு மோட்டாரையோ மாட்டும் நாளில் அது உறுமிச் சூடாகிக் கருகும். இதே அரை அலைக் கோளாறு 230 வோல்ட்டில் 100 வோல்ட்டுக்கும் மேலான டிசியாக நிற்கும்.

எட்டுச் சேனலையும் தனித்தனியே சோதியுங்கள். ஒன்றை எரியவிட்டு மற்ற ஏழும் அணைந்தே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து ஈயப் பொட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் இங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு வார்த்தை, உதிரி பாகங்களைப் பற்றி. கையிருப்பில் கிடக்கிறதென்று எம்ஓசி3021, எம்ஓசி3041 ஆகியவற்றை இந்தப் போர்டில் போடாதீர்கள். அவை 400 வோல்ட் வகை. 230 வோல்ட்டின் உச்சமே 325. சப்ளை 253க்கு ஏறினால் உச்சம் 358 ஆகிவிடும். அதன் மேல் ஒரு சிறு துள்ளல் வந்தாலும் எல்லையைத் தொட்டுவிடும். அப்போது ஆப்டோ தானாகவே பற்றிக்கொண்டு, அணைந்திருக்க வேண்டிய விளக்கு மின்னும். 24 வோல்ட் சோதனையில் இந்தக் குறை ஒருபோதும் தெரியாது. மங்கலாக்கும் வசதி வேண்டுமென்றால் 3051 அல்லது 3052 போடலாம். எரி, அணை மட்டும் போதுமென்றால் 3061 முதல் 3063 வரை. இவை எல்லாம் 600 வோல்ட்.

230 வோல்ட், சீரிஸ் போர்டு வழியாக

டிவி மெக்கானிக் கடைகளில் தொங்கும் சீரிஸ் போர்டு நமக்கும் வேண்டும்: ஒரு ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பு, அதற்குத் தொடராக ஒரு சாக்கெட். சாக்கெட்டில் மாட்டிய சாதனம் ஷார்ட் ஆனாலும் அரை ஆம்பியருக்குள்தான் ஓடும். ஃப்யூஸ் வெடிப்பதற்குப் பதிலாகக் குண்டு பல்பு பளிச்சென்று எரிந்து விஷயத்தைச் சொல்லும்.

அதற்கு முன் சில ஏற்பாடுகள். போர்டு பெட்டிக்குள் இருக்க வேண்டும், மூடி மூடியிருக்க வேண்டும். உலோகப் பெட்டியானால் எர்த் இணைத்திருக்க வேண்டும். சப்ளை 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வழியாக வரட்டும். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஃபேஸை ஒரு கையிலும் நியூட்ரலை மறு கையிலும் தொட்டவரை ஆர்சிசிபி காப்பாற்றாது. கன்ட்ரோலருக்கு முதல் நாள் லேப்டாப்பிலிருந்து யுஎஸ்பி கொடுக்காதீர்கள். பவர் பேங்க் ஒன்றிலிருந்து கொடுங்கள். தடுப்பில் எங்காவது ஓட்டை இருந்தால் போவது 300 ரூபாய் கன்ட்ரோலரோடு நிற்கட்டும். லேப்டாப்பும் அதைத் தொட்டிருக்கும் விரலும் அந்தப் பாதையில் இருக்க வேண்டாம். ஆசிலோஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு: அதன் புரோபின் எர்த் கிளிப்பை 230 வோல்ட் பக்கத்தில் எங்கும் மாட்டாதீர்கள். அந்தக் கிளிப் நேரே சுவரின் எர்த்துக்குப் போகிறது.

லோடாக ஒரு 60 வாட் குண்டு பல்பை மாட்டுங்கள். எல்லாச் சேனலும் அணைந்த நிலையில் மெயினைப் போடுங்கள். சீரிஸ் பல்பும் லோடு பல்பும் இரண்டுமே இருட்டாக இருக்க வேண்டும். ஒரு சேனலை எரியவிட்டால் இரண்டும் மங்கலாக எரியும். அணைத்தால் இரண்டும் அணையும். இது எட்டுக்கும் நடந்தால் சீரிஸ் போர்டை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுக்கலாம்.

இந்தக் கட்டத்தில் பிளக்கையும் கவனியுங்கள். எஸ்எஸ்ஆர் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. அது ஃபேஸாக இருக்க வேண்டும். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் எஸ்எஸ்ஆர் நியூட்ரலைத் துண்டிக்கும். விளக்கு அணைந்திருக்கும், சீரியல் வயர் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். வேப்பிலைத் தோரணத்தோடு அந்த வயரை ஒதுக்கிக் கட்டுகிற கைக்கு இது தெரியாது. ஆகவே மூன்று பின் பிளக் மட்டுமே. செருகிய இடத்திலும் சாக்கெட்டின் வலது துளையில்தான் ஃபேஸ் வருகிறதா என்று டெஸ்டரால் பார்த்துவிடுங்கள். தற்காலிகப் பந்தல் வயரிங்கில் அது மாறியிருப்பது அபூர்வமல்ல.

அணைந்த நிலையை அளப்பது

லோடு எதுவும் மாட்டாமல், அணைந்த சேனலின் வெளிமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். 200 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். டெஸ்டரை வைத்தால் நியான் எரியும். முதல்முறை பார்ப்பவர் போர்டு கெட்டுவிட்டதென்றே நினைப்பார். கெடவில்லை. ஸ்னப்பரில் உள்ள 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 50 ஹெர்ட்ஸில் முக்கால் மில்லிஆம்பியர் அளவு மின்சாரத்தை விடுகிறது. மல்டிமீட்டருக்கும் நியானுக்கும் அதில் சிறு பங்கே போதும். அதனால் அணைந்த நிலையை எப்போதும் லோடோடு அளக்க வேண்டும். 15 வாட் பல்பைக் குறுக்கே மாட்டி அளந்தால் அந்த 200 வோல்ட் ஒரு வோல்ட்டுக்கும் கீழே விழும். அப்படி விழாமல் சில வோல்ட் நின்றால் ட்ரையாக் கசிகிறது, அல்லது ஸ்னப்பரில் தவறான கெபாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது. 0.01க்குப் பதில் 0.1 போட்டுவிட்டால் கசிவு பத்து மடங்காகி 7 மில்லிஆம்பியரைத் தாண்டும். இரண்டு கெபாசிட்டரும் வடிவில் ஏறக்குறைய ஒன்றுதான்; 103, 104 என்ற எண்களைப் படித்தே போட வேண்டும்.

முக்கால் மில்லிஆம்பியர் கேட்பதற்குச் சிறிதாக இருக்கிறது. உணர முடிகிற எல்லையை ஒட்டியது அது. தரையில் நிற்பவருக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். சாரத்தின் மேல் நிற்பவர் அந்தச் சிறு சுருக்கென்ற உணர்வில் கையை உதறுவார். விழுவதற்கு அது போதும். எஸ்எஸ்ஆர் அணைந்திருக்கிறது என்பதை நம்பி யாரையும் வயரைத் தொட விடாதீர்கள். தொட வேண்டுமென்றால் இரண்டு கம்பியையும் துண்டிக்கும் டபுள் போல் எம்சிபியை இறக்க வேண்டும், அல்லது பிளக்கை உருவி, தொடப்போகிறவர் கண்ணெதிரே வைக்க வேண்டும். போர்டுப் பெட்டியின் மூடி மேல் இதைப் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.

எல்இடி சீரியல் வந்த பிறகு

அரிசி பல்பு சீரியல் காலத்தில் எஸ்எஸ்ஆருக்குச் சிக்கல் குறைவு. டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது பத்து மடங்குக்கும் மேல் மின்சாரத்தை ஒரு கணம் இழுக்கும். எம்ஓசி3063 போன்ற ஜீரோ கிராசிங் ஆப்டோ அந்த அதிர்ச்சியைத் தணித்துவிடும். எல்இடி சீரியலில் பிரச்சினை தலைகீழ்: அது இழுப்பது மிகக் குறைவு.

பிடிஏ16-600பி ட்ரையாக் பற்றிய நிலையில் தொடர்ந்து நிற்க 50 மில்லிஆம்பியர்வரை தேவைப்படலாம். 5 வாட் எல்இடி சீரியல் இழுப்பதோ 22 மில்லிஆம்பியர். விளைவு, குண்டு பல்பில் கச்சிதமாக வேலை செய்த அதே போர்டில் எல்இடி சீரியல் துடிதுடிக்கும், அல்லது எரியவே எரியாது. மறுபக்கம், அணைத்த பின்னும் ஸ்னப்பர் கசிவிலேயே எல்இடிகள் மினுக்மினுக்கென்று மங்கலாக ஒளிரும். இருட்டில் நன்றாகவே தெரியும். அலங்காரத்தில் அம்மனின் கை அசைவதைக் காட்ட ஒரு கை அணைந்து மறு கை எரிய வேண்டும். அணைந்த கை மங்கலாகத் தெரிந்தால் வேலைப்பாடே கெட்டுவிடும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து, நைட் லேம்பாக விற்கும் ஜீரோ வாட் குண்டு பல்பு. பெயர் ஜீரோ என்றாலும் உண்மையில் அது 15 வாட் அளவு இழுக்கும், 65 மில்லிஆம்பியர். சேனலுக்கு ஒன்றை எல்இடி சீரியலுக்கு இணையாக மாட்டினால் ட்ரையாக் உறுதியாகப் பற்றி நிற்கும். அணைந்தபோது கசிவை அந்தப் பல்பு விழுங்கிவிடும். எல்இடி வகை ஜீரோ வாட் பல்பை வாங்கிவிடாதீர்கள், அதனால் பயனில்லை. பல்பைப் போர்டுப் பெட்டிக்குள் வைக்காமல் வெளியே, துணியும் தெர்மாகோலும் படாத இடத்தில் வையுங்கள். எட்டுச் சேனலுக்கு 120 வாட் சூடு அது. மின்சாரத்தை வீணடிக்க மனமில்லை என்றால் ஒரு சேனலில் பல சீரியல்களைச் சேர்த்து 20 வாட்டுக்கு மேல் கொண்டுபோகலாம். அப்போதும் கசிவு ஒளியைத் தனியே சோதித்தே தீர வேண்டும்.

சிறிய லோடுதானே, பிடி136 போதாதா என்று கேட்பார்கள். 4 ஆம்பியர் ட்ரையாக், விலையும் குறைவு. நான் போடுவதில்லை. காரணம் 4க்கும் 16க்கும் உள்ள வித்தியாசம் அல்ல. மழையில் சீரியல் வயர் எங்காவது ஷார்ட் ஆகும் நொடியைத் தாங்கும் சக்தி பிடி136க்கு ஆம்பியர் வர்க்க வினாடிக் கணக்கில் 3.1, பிடிஏ16க்கு 144. கண்ணாடி ஃப்யூஸ் உருகுவதற்கு முன்பே பிடி136 போய்விடக்கூடும். போகும்போது ஷார்ட் ஆகிப் போகும். இன்னொன்றும் உண்டு: பிடி136இன் உலோக முதுகு எம்டி2வோடு இணைந்தது, அதாவது உயிருள்ளது. பிடிஏ வகையில் முதுகு உள்ளேயே தனிமைப்படுத்தப்பட்டிருக்கும். பிடிபி என்று எழுதியிருந்தால் அப்படி இல்லை. ஒரு எழுத்துதான் வித்தியாசம், கடையிலேயே படித்துப் பாருங்கள்.

ஸ்ட்ரிப் லைட் அடாப்டர்களை இந்தப் போர்டால் ஓடவிட முயல வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதன் உள்ளேயுள்ள கெபாசிட்டர் புதிதாக நிரம்பும், தாமதமாக எரியும், சீக்கிரம் கெடும். அடாப்டரை நிரந்தரமாக எரியவிட்டு 12 வோல்ட் பக்கத்தில் மாஸ்ஃபெட்டால் கட்டுப்படுத்துவதே முறை.

சூடு

1 ஆம்பியர் ஓடும் ட்ரையாக்கில் ஏறக்குறைய 1 வாட் சூடாகிறது. ஹீட் சிங்க் இல்லாமல் நிற்கும் இந்த வகை ட்ரையாக், வாட்டுக்கு 60 டிகிரி ஏறும். 35 டிகிரி நாளில் அது 95. மூடிய பெட்டிக்குள் எட்டும் சேர்ந்தால் காற்றே 50க்குப் போகும். ட்ரையாக் 110ஐத் தொடும். தாளில் 125வரை தாங்கும் என்று எழுதியிருக்கிறது. ஆனால் சூடேறிய ட்ரையாக் அணைவதில் தயங்கும், சிறு துள்ளலிலும் தானே பற்றிக்கொள்ளும். சேனலுக்கு 200 வாட்டுக்கு மேல் போனால் ஹீட் சிங்க் கட்டாயம்.

சோதனை இது: பெட்டியை மூடி, திருவிழாவில் போடப்போகிற அதே லோடை மாட்டி, நண்பகலில் நான்கு மணி நேரம் தொடர்ந்து எரியவிடுங்கள். ஓடவிட்டுச் சோதித்தால் பாதிச் சூடுதான் தெரியும். எல்லாச் சேனலும் நிரந்தரமாக எரிய வேண்டும். பிறகு மெயினை உருவிவிட்டு உடனே மூடியைத் திறந்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும். அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு முன்கூட்டியே ஒட்டிவைத்தால் சரியான எண் கிடைக்கும். ஹீட் சிங்க் 70 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. முனை ஸ்க்ரூக்களையும் அளந்து பாருங்கள். தளர்ந்த ஸ்க்ரூ ட்ரையாக்கைவிடச் சூடாக இருக்கும்.

மூடியைத் திறப்பதற்கு முன், அதே சூட்டோடு ஒரு முறை அணைப்பைச் சோதிப்பதை விட்டுவிடாதீர்கள். உருவுவதற்கு முன், நான்காவது மணி நேர முடிவில் சேனல்களை ஒவ்வொன்றாக அணையுங்கள். குளிரில் நன்றாக அணைந்த சேனல் சூட்டில் அணையாமல் நிற்பதை இங்கேதான் பிடிக்க முடியும்.

கன்ட்ரோலர் தடுமாறும்போது

கன்ட்ரோலரின் சப்ளையை எரிந்துகொண்டிருக்கும்போதே உருவுங்கள். எல்லாம் அணைய வேண்டும். சிக்னல் கேபிளை உருவுங்கள். எல்லாம் அணைய வேண்டும். ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். எல்லாம் அணைய வேண்டும். எதிலாவது ஒரு விளக்கு எரிந்தே நின்றால் சர்க்யூட்டைத் திருத்திவிட்டுத்தான் அடுத்த வேலை.

பூட் ஆகும் நொடியில் தேவையில்லாத மின்னல் வருகிறதா என்றும் பாருங்கள். ஆர்டுயினோ யூனோவில் 13ஆம் பின் பூட் நேரத்தில் தானே சிமிட்டும். அதில் சேனல் வைக்காதீர்கள். இஎஸ்பி8266 போர்டுகளில் டி0 பின் பூட் ஆகும்போது உயர்ந்த நிலையில் இருக்கும், டி3, டி4 பின்களுக்கும் பூட்டில் வேறு வேலை உண்டு. டி1, டி2 அமைதியானவை. இஎஸ்பி பின்னிலிருந்து நேரடியாக ஆப்டோவை இயக்கவும் வேண்டாம். அந்தப் பின் தரக்கூடிய எல்லையே 12 மில்லிஆம்பியர். யுஎல்என்2803 போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோவில் வாசலில்

வீட்டில் தேறிய போர்டு ஜெனரேட்டரில் தடுமாறலாம். ஒலிபெருக்கியும் விளக்கும் ஒரே ஜெனரேட்டரில் இருந்தால், பெரிய லோடு ஒன்று திடீரென்று நிற்கும்போது வோல்டேஜ் துள்ளும். விழாவுக்கு முந்தைய மாலையே ஜெனரேட்டரை ஓடவிட்டு அரை மணி நேரம் விளக்கு ஓட்டத்தைப் பாருங்கள். அப்போதே மைக்செட்காரரையும் ஆம்ப்ளிஃபையரைப் போடச் சொல்லுங்கள். ஜீரோ கிராசிங் ஆப்டோவானால் ஸ்பீக்கரில் சத்தம் வராது. மங்கலாக்கும் சேனல் இருந்தால் கர்ரென்ற இரைச்சல் ஏறும். அதைப் பூசை நேரத்தில் கண்டுபிடிப்பதைவிட முந்தைய நாள் கண்டுபிடிப்பது எல்லாருக்கும் நல்லது.

மழை பெய்த இரவுக்கு மறுநாள் காலை, மெயினை உருவிவிட்டு மெக்கர் சோதனையை மறுபடி செய்யுங்கள். எண் முதல் நாளைவிட வெகுவாக இறங்கியிருந்தால் பெட்டிக்குள் ஈரம் போயிருக்கிறது.

ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு எண் எழுதி ஒட்டி, ஒரு நோட்டில் சேனல்வாரியாக மெக்கர் அளவு, டிசி அளவு, அணைந்த நிலை வோல்டேஜ், நான்கு மணி நேரச் சூடு ஆகியவற்றைத் தேதியோடு குறித்து வையுங்கள். சோதித்துத் தேறிய உபரிப் போர்டு ஒன்று எப்போதும் கையோடு இருக்கட்டும். ஓட்டத்தின் நடுவே ஒரு சேனல் அணையாமல் நின்றால் அந்த இடத்திலேயே மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம். எம்சிபியை இறக்கி, பிளக்கை உருவி, போர்டை முழுதாக மாற்றுங்கள். கழற்றிய போர்டில் சிவப்பு டேப் ஒட்டி, நோட்டில் சேனல் எண்ணைக் குறித்து, வீட்டுக்கு வந்ததும் 24 வோல்ட் சோதனையிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.